‘இயற்கை’ என்று எழுதிய குப்பி

கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கும் என் பழைய சக ஊழியர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் என்னோடு ஒரே ஆசிரியர் பீடத்தில் இருந்தவர். ஒப்புநோக்காளராகத் தொடங்கி உதவி ஆசிரியராக உயர்ந்து, தொண்ணூறுகளின் நடுவில் நாட்டைவிட்டுப் போனவர். இப்பொழுது எழுபதைத் தாண்டிவிட்டார். சுக நலங்கள் விசாரித்து முடிந்த பின்னர், மூன்று மாதங்களாக இரவு படுக்கப் போகுமுன் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம் உண்டு. ஆகவே இன்சுலினாக்கும் என்று எண்ணினேன். இல்லையாம். வளர்ச்சி ஓமோன் சம்பந்தமான மருந்தாம்.

“அது ஓமோன் இல்லை, ஐசே. ஓமோனைச் சுரக்கச் சொல்லி உடம்புக்குச் சொல்லுற பெப்தைட்டு. இயற்கையா நடக்கிறதைக் கொஞ்சம் தூண்டி விடுறது, அவ்வளவுதான்” என்றார்.

எந்த வைத்தியர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்டேன். வைத்தியர் எவருமில்லை. உடற்பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஒருவர் சொன்னாராம். இணையத்தளம் ஒன்றில் பணம் கட்டத் தபாலில் வந்ததாம். குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வாசித்தார்: ஆய்வுத் தேவைக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு உரியதன்று. அதன் பின்னர் அவர் சொன்னதுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

“நீர்தானே இதை முதன்முதலிலை எழுதினது. தொண்ணூறாம் ஆண்டு. நான்தான் புரூஃப் பார்த்தனான். மறந்துபோச்சோ?”

மறக்கவில்லை. 1990 ஜூலை முதல் வாரம் அது. ஈழப் போரின் இரண்டாம் கட்டம் மூண்டு ஒரு மாதமும் நிறையவில்லை. முதற்பக்கம் முழுவதும் சாவும் இடப்பெயர்வும். உட்பக்கமொன்றில் நாலங்குல இடம் நிரம்பாமல் கிடந்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் இயந்திரம் அச்சடித்துத் தள்ளிய தாள்களைப் புரட்டியபோது அமெரிக்காவிலிருந்து ஒரு விஞ்ஞானச் செய்தி அகப்பட்டது. விஸ்கொன்சின் மாநிலத்தில் டானியல் ருட்மன் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் வயோதிபர்களுக்கு வளர்ச்சி ஓமோன் ஏற்றிப் பார்த்தார்களாம். ஆறு மாதத்தில் தசை கூடிக் கொழுப்பு குறைந்ததாம். அந்த மாற்றம் பத்து முதல் இருபது ஆண்டு முதுமையினால் உடலில் நேரும் மாற்றத்துக்குச் சமமான அளவினதாம். இருபது நிமிடத்தில் மொழிபெயர்த்து, ‘முதுமையைப் பின்தள்ளும் ஊசி’ என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன். போர்ச் செய்திக்கு நடுவே வாசகருக்கு ஓர் ஆறுதல் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பின்னாளில்தான் அந்த ஆய்வுக் கட்டுரையை வாசித்தேன். 61 வயதுக்கும் 81 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் 12 பேருக்கு ஊசி போடப்பட்டது. 9 பேருக்கு எதுவுமே போடப்படவில்லை. அதாவது, வெற்று ஊசி போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமான காப்பு அங்கே இருக்கவில்லை. கொழுப்பற்ற உடல் எடை 8.8 வீதம் கூடியதும், கொழுப்பு 14.4 வீதம் குறைந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பன்னிருவரும் முன்னரிலும் பாரம் தூக்கினார்களா, படி ஏறினார்களா, கதிரையிலிருந்து இலகுவாக எழுந்தார்களா என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. தசை அதிகரித்ததா என்று பார்த்தார்கள். பலம் அதிகரித்ததா என்று பார்க்கவில்லை. 1996இல் கலிபோர்னியாவில் வேறொரு குழு எழுபது வயதைக் கடந்த 52 ஆண்களிடம் அதைப் பார்த்தது. தசை கூடியது. பலமும் சகிப்புத்திறனும் கூடவில்லை. கால் வீக்கமும் மூட்டு நோவும் வந்தன. இந்த இரண்டாவது செய்தியை நாங்கள் வெளியிட்டதாக எனக்கு நினைவில்லை. உலகத்தில் அநேகமான பத்திரிகைகளின் கதையும் இதுதான். நல்ல செய்திக்கு நாலங்குலம் உண்டு. அதற்கு வந்த மறுப்புக்கு இடமே கிடையாது.

ருட்மனின் கட்டுரையை வெளியிட்ட நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகைக்கே அது தலையிடியாகிவிட்டது. தன் பெயரையும் அந்தக் கட்டுரையையும் வியாபாரிகள் விளம்பரங்களில் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2003இல் அச்சஞ்சிகை தானே எழுத வேண்டியதாயிற்று. அப்பொழுது அவர்கள் விற்றது ஓமோனை. இன்று விற்பது அதைச் சுரக்க வைக்கும் பெப்தைட்டுகளை. சரக்கு மாறிவிட்டது, மேற்கோள் காட்டப்படும் பன்னிரண்டு கிழவர்கள் மாறவில்லை.

என் நண்பரைக் கவர்ந்த ‘இயற்கை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். வளர்ச்சி ஓமோனின் சரித்திரத்தில் இச்சொல்லுக்கு மிகவும் பொருத்தமாக இருந்த மருந்து ஒன்று உண்டு. 1950களின் இறுதியிலிருந்து 1985 வரை, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட ஓமோன், இறந்த மனிதர்களின் மூளையடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரசாயனம் இல்லை, தொழிற்சாலை இல்லை. மனித உடம்பில் சுரந்த அதே பொருள். அதை விட இயற்கையானது எது? அந்தச் சுரப்பிகள் சிலவற்றில் குரொய்ட்ஸ்பெல்ட்-ஜேக்கப் என்ற மூளை அழுகல் நோய் ஒளிந்திருந்தது. ஊசி போடப்பட்ட பிள்ளைகளுக்கு அது பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. பிரான்சிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலுமாக 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1985இல் அது நிறுத்தப்பட்டு, நுண்ணுயிர்களைக் கொண்டு ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட ‘செயற்கை’ ஓமோன் அந்த இடத்துக்கு வந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்தச் செயற்கைதான்.

சரி, இந்தப் பெப்தைட்டுகள் எங்கிருந்து வந்தன? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; இது விஞ்ஞானத்தின் அழகான கதைகளுள் ஒன்று. வியாபாரிகள் அதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

புரதத்தின் சிறு துண்டே பெப்தைட்டு. அமினோ அமிலங்களைச் சில பத்து மணிகளாகக் கோத்த சிறு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கபச்சுரப்பி தன் இஷ்டத்துக்கு ஓமோனைச் சுரப்பதில்லை. அதற்கு மேலே மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதி கட்டளையிடுகிறது என்பது அறுபதுகளிலேயே தெரிந்திருந்தது. அந்தக் கட்டளைப் பெப்தைட்டைத் தேடித்தான் ரோஜர் கில்லமின் முதலானோர் ஆண்டுக்கணக்காக ஆட்டு மூளைகளை அரைத்தார்கள். 1973இல் அவரது ஆய்வுகூடத்துக்குக் கிடைத்ததோ அதற்கு நேர்மாறான பொருள்: வளர்ச்சி ஓமோன் சுரப்பதைத் தடுக்கும் சோமட்டோஸ்டட்டின். திறக்கும் சாவியைத் தேடியவர்களுக்குப் பூட்டும் சாவி அகப்பட்டது.

திறக்கும் சாவி 1982இல்தான் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகரில், ஓர் இளம்பெண்ணுக்கு அக்ரோமெகலி என்ற நோய். கை, கால், தாடை எலும்புகள் பெருத்துக்கொண்டு போகும் நோய் அது. வளர்ச்சி ஓமோன் மிதமிஞ்சிச் சுரப்பதே காரணம். விட்டுவிட்டால் நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய வருத்தம் எல்லாம் வரிசையாக வரும். வழக்கமாக இதற்குக் கபச்சுரப்பியில் கட்டி இருக்கும். அப்பெண்ணுக்கு இருக்கவில்லை, சுரப்பி வெறுமனே வீங்கியிருந்தது. யாரோ அதை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மைக்கேல் தோர்னர் என்ற வைத்தியரும் அவரது சகாக்களும் கண்டுகொண்டார்கள். தேடிப் பார்த்தபோது கட்டி சதையியில், அதாவது கணையத்தில் இருந்தது. அதை வெட்டி எடுத்ததும் ஓமோன் அளவு தணிந்தது. அந்தக் கட்டியிலிருந்து வைலி வேலின் குழுவும், பிரான்சின் லியோன் நகரத்து நோயாளி ஒருவரின் அதேபோன்ற கட்டியிலிருந்து கில்லமினின் குழுவும், பல ஆண்டு காலம் தேடிய அந்தத் தூண்டு பெப்தைட்டை ஒரே ஆண்டில் பிரித்தெடுத்தன.

இன்று இளமை என்று குப்பியில் அடைத்து விற்கப்படும் பொருளின் மூலவடிவத்தை மனிதகுலம் முதன்முதலில் கண்டது, அது மிகுந்து ஒரு பெண்ணை நோயாளியாக்கிய கட்டிக்குள். அவளைக் குணப்படுத்துவதற்காக வைத்தியர்கள் வெட்டி எடுத்ததை, நாங்கள் பணம் கொடுத்து வாங்கி ஏற்றிக்கொள்கிறோம்.

இது முதலாவது வழி. இரண்டாவது வழி இன்னும் வேடிக்கையானது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்து துலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் என்பவர், உடலிலேயே உண்டாகும் நோவு நீக்கிப் பெப்தைட்டு ஒன்றின் வடிவத்தை மாற்றி மாற்றிப் பரிசோதித்து, ஆறே அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு பொருளை ஆக்கினார். ஜி.எச்.ஆர்.பி.-6 என்று பெயர். அது வளர்ச்சி ஓமோனை வெளியேற்றியது. எப்படி என்று எவருக்கும் விளங்கவில்லை. அது பொருந்தும் பூட்டு 1996இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பூட்டுக்கு உடம்பிலேயே உள்ள சாவியை 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்கவாவும் கண்டார்கள். கண்ட இடம் மூளையன்று, இரைப்பை! கிரெலின் என்று பெயரிட்டார்கள். பசியை எழுப்பும் ஓமோன் அதுதான். ஜி.எச்.ஆர்.பி.-6 ஏற்றிக்கொள்பவர்களுக்குப் பேய்ப்பசி எடுப்பதன் காரணமும் இதுவே. பூட்டுக்கும் இயற்கைச் சாவிக்கும் முன்னரே மனிதன் செய்த கள்ளச் சாவி கையில் இருந்தது என்பது விஞ்ஞானிகளுக்குப் பெருமை. அந்தக் கள்ளச் சாவியை ‘இயற்கை’ என்று விற்பது வேறு சங்கதி.

அந்த ஆறு அமினோ அமிலங்களில் இரண்டு, எங்கள் உடம்பின் புரதங்களில் காணப்படும் வடிவத்தின் கண்ணாடி விம்பங்கள். இடது கையுறைக்குப் பதிலாக வலது கையுறை என்று சொல்லலாம். நொதியங்களால் அதை இலகுவில் வெட்ட முடியாது. இபமொரெலின் என்று இன்று சந்தையில் பெயர் பெற்ற பொருளும் இத்தகையதே. சி.ஜே.சி.-1295 என்ற இன்னொன்றை எடுங்கள். உடம்பு தானே ஆக்கும் தூண்டு பெப்தைட்டு குருதியில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். வேலையைச் செய்துவிட்டு அழிந்துபோவதுதான் அதன் இயல்பு. சி.ஜே.சி.-1295ஐயோ, குருதியிலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாட்கணக்கில் தங்கும்படி ஆக்கியிருக்கிறார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் அலையாக எழுந்து அடங்கும் சுரப்பை நாள் முழுவதும் அடங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது எந்த நாட்டு இயற்கை?

அவர்கள் பக்கத்து நியாயம் ஒன்றை மறைக்க மாட்டேன். நேரடியாக ஓமோனை ஏற்றினால் உடம்பின் கட்டுப்பாடு முழுவதும் புறக்கணிக்கப்படுகிறது. தூண்டு பெப்தைட்டைக் கொடுத்தால் சோமட்டோஸ்டட்டின் என்ற தடுப்புக் கட்டை ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கும். கோட்பாட்டளவில் இது சரி. நேர்மையான விஞ்ஞானிகளும் இதை நம்பித்தான் இறங்கினார்கள். ஆனால் கோட்பாடு சரியா என்று மனிதரில் பார்த்தும் விட்டார்கள். அந்த முடிவுகளை விற்பனைத் தளங்களில் தேடிப் பாருங்கள், காணக் கிடைக்காது.

மேர்க் நிறுவனம் எம்.கே.-677 என்ற மருந்தை ஆக்கியது. கண்டிப்பாகச் சொன்னால் இது பெப்தைட்டு அன்று. அதே கிரெலின் பூட்டைத் திறக்கும், வாயால் விழுங்கும் குளிசை. 60 முதல் 81 வயது வரையான ஆரோக்கியமான 65 பேரிடம் ஈராண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2008இல் வெளியானது. நடத்தியவர்களுள் சார்லட்ஸ்வில்லின் அதே தோர்னரும் ஒருவர். ஓமோன் அளவு இளைஞர்களின் மட்டத்துக்கு உயர்ந்தது. ஓராண்டில் கொழுப்பற்ற உடல் எடை 1.1 கிலோ கூடியது; வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கு அரைக் கிலோ குறைந்தது. பலம் கூடவில்லை. அன்றாடச் செயற்பாடும் மேம்படவில்லை. கூடியது இன்னொன்று: உண்ணாநிலையில் அளந்த குருதிச் சீனி, சராசரியாக டெசிலீற்றருக்கு 5 மில்லிகிராம். இன்சுலினுக்கு உடம்பு காட்டும் பதிலும் மந்தமாயிற்று. இது ஆரோக்கியமானவர்களுக்கு நேர்ந்தது.

அதே ஆண்டு, அல்சைமர் நோயாளிகள் 563 பேரிடம் அதே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்த முடிவும் வெளியானது. வளர்ச்சி ஓமோனின் கட்டளைக்கு இணங்கி ஈரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருள் ஓராண்டின் முடிவில் 70 வீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. மருந்து வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நோய் இம்மியும் அசையவில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் 123 பேரிடம் நடந்த இன்னொரு பரிசோதனை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்த தரப்பில் இருதயச் செயலிழப்பு அதிகமாகத் தென்பட்டதே காரணம்.

இங்கேதான் முழு வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. குருதிப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் ஏறுகிறது. அந்த எண்ணைக் காட்டி, பாருங்கள், உங்கள் உடம்பு இளமையாகிவிட்டது என்கிறார்கள். அந்த எண் ஏறியதை எவரும் மறுக்கவில்லை. எண் ஏறியும் மனிதர் ஏன் முன்னேறவில்லை என்பதே கேள்வி.

மற்றவற்றின் கதையும் இதுதான். இபமொரெலினை ஆக்கியது நோவோ நோர்டிஸ்க் நிறுவனம். பின்னர் வேறொரு நிறுவனம் குடற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடம், குடல் விரைவில் இயங்கத் தொடங்குமா என்று பரிசோதித்தது. குறிப்பிடத்தக்க பயன் இல்லை. சி.ஜே.சி.-1295ஐ மொன்றியல் நிறுவனமொன்று எச்.ஐ.வி. நோயாளிகளிடம் பரிசோதித்தது, 2006இல் பங்குபற்றியவர் ஒருவர் இறக்கவே பரிசோதனை நின்றது. மருந்து காரணமல்ல, முன்னரே இருந்த இருதய நோய்தான் காரணமாகலாம் என்று வைத்தியர் கருதினார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மருந்தின் மனிதப் பரிசோதனை அத்தோடு முடங்கியது என்பதும், அதற்குப் பிறகு அது கள்ளச் சந்தையில் ராசாவாகியது என்பதும் உண்மை. ஃபைசர் நிறுவனம் முதியோருக்கென்று பரிசோதித்துக் கைவிட்ட கப்ரொமொரெலின் 2016இல் அங்கீகாரம் பெற்றது. யாருக்கு? பசியற்ற நாய்களுக்கு. நாய்க்கு அது நல்ல மருந்து. நான் கேலி செய்யவில்லை. பசியைத் தூண்டும் பூட்டைத் திறந்தால் பசி வரும் என்பதை மிருக வைத்தியர்கள் நேர்மையாக ஏற்றுக்கொண்டார்கள்.

“பெரிய மருந்துக் கொம்பனிகள் இதைத் திட்டமிட்டு மறைக்கின்றன, மலிவான மருந்து என்றபடியால்” என்று என் நண்பரும் சொன்னார். இந்த வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். மருந்துக் கொம்பனிகளின் நல்லெண்ணத்துக்குப் பிணை நிற்க நான் தயாரில்லை. அவர்கள் செய்த அநியாயங்களையும் எழுதியவன்தான். ஆனால் இவ்விடயத்தில் அந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. இப்பொருள்களைக் கண்டுபிடித்தவர்களும், காப்புரிமை எடுத்தவர்களும், கோடி கோடியாகக் கொட்டிப் பரிசோதித்தவர்களும் அவர்களே. முதுமையைத் தள்ளிப்போடும் குளிசை ஒன்று கையிலிருந்தால் எந்தக் கொம்பனி அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்? அரை உலகத்துக்கு விற்றிருப்பார்கள். பலிக்கவில்லை, ஆகவே விட்டார்கள். விட்டதைப் பொறுக்கி எடுத்து விற்பவர்கள்தான் ‘மறைக்கப்பட்ட இரகசியம்’ என்று கூவுகிறார்கள்.

இந்த ஆராய்ச்சியால் ஒன்றுமே விளையவில்லை என்று நான் சொன்னதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளைந்தவை உண்டு, அவை அடக்கமானவை. எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைக் குறைக்க டெசமொரெலின் என்ற தூண்டு பெப்தைட்டு 2010இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆறு மாதத்தில் அந்தக் கொழுப்பு சுமார் 15 வீதம் குறைந்தது, மருந்தை நிறுத்தினால் திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு ஓமோன் குறைபாடு உண்டா என்று கண்டறிய 2017இல் மசிமொரெலின் வந்தது. ஒரு முறை குடித்துவிட்டுக் குருதியைச் சோதிக்கும் மருந்து அது. புற்றுநோயில் உடல் உருகும் நோயாளிகளுக்கு அனமொரெலின் 2021இல் ஜப்பானில் அங்கீகரிக்கப்பட்டது. அதே மருந்தை ஐரோப்பா 2017இல் நிராகரித்திருந்தது. உண்மையான ஓமோன் குறைபாட்டோடு பிறக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: நான் எழுதுவது உங்கள் பிள்ளையின் சிகிச்சையைப் பற்றியதல்ல. நிபுணர் சொன்ன ஊசியை இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வகுப்பில் மற்றப் பிள்ளைகளைவிட இரண்டங்குலம் கட்டை என்பதற்காக இணையத்தில் குப்பி தேடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

ஆய்வுத் தேவைக்கு மட்டும் என்ற அந்தச் சுட்டிக்கு வருகிறேன். நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ கபடமான வாக்கியங்களைக் கண்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றைக் கண்டதில்லை. விற்பவருக்குத் தெரியும், வாங்குபவர் விஞ்ஞானி அல்லர் என்று. வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்குத் தெரியும் என்று. நாளைக்கு ஊசி போட்ட இடம் சீழ் கட்டினால், சீனி ஏறினால், சட்டத்தின் முன் பொறுப்பேற்க வேண்டியவர் எவருமில்லை என்பதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் தந்திரம் அது. உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, கிருமி நீக்கியதா என்பதற்கு எவரும் உத்தரவாதம் இல்லை. வைத்தியர் எழுதிக் கொடுத்து மருந்தகங்கள் கலந்து தயாரிக்கும் வழியும் முன்னர் அமெரிக்காவில் திறந்திருந்தது. இபமொரெலின், சி.ஜே.சி.-1295, ஜி.எச்.ஆர்.பி.-6, எம்.கே.-677 ஆகியவற்றை 2023இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம், அவ்வாறு தயாரிப்பதில் பாதுகாப்பு ஆபத்து இருக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

அவுஸ்திரேலியாவில் வாழும் வாசகர்களுக்கு இது புதிதல்ல. சிட்னியின் குரொனுல்லா றக்பி லீக் கழகத்தில் 2011 பருவத்தில் வீரர்களுக்கு இப்பெப்தைட்டுகள் கொடுக்கப்பட்ட விவகாரம் அங்கே பத்திரிகைகளை மாதக்கணக்கில் நிறைத்தது. சி.ஜே.சி.-1295, ஜி.எச்.ஆர்.பி.-6 ஆகிய தடைசெய்யப்பட்ட பொருள்களுக்காகப் பல வீரர்கள் 2014இல் தண்டனையை ஏற்றுக்கொண்டார்கள். முழுநேர உடற்பயிற்சியாளர்களும் கழக நிர்வாகமும் சூழ இருந்த தொழில்முறை வீரர்களுக்கே இந்தக் கதி. ஸ்காபரோவில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் தனியே நின்று ஊசி போடும் எழுபது வயதுக்காரருக்கு யார் துணை?

முதுமையில் வளர்ச்சி ஓமோன் குறைவது ஒரு நோய் என்று எங்களை நம்பவைத்தது யார் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். ஈக்குவடோர் நாட்டின் தெற்கில், பிறவியிலேயே இந்த ஓமோனின் செயல் உடலில் எடுபடாத ஒரு கூட்டத்தினர் வாழ்கிறார்கள். லாரன் நோய்க்குறி என்பது அதன் பெயர். மூன்றரை அடி உயரமே வளர்வார்கள். அவர்களில் 99 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த முடிவை 2011இல் வெளியிட்டார்கள். உடல் பருத்தவர்களாக இருந்தும் ஒருவருக்கேனும் நீரிழிவு இல்லை. புற்றுநோய் ஒரேயொருவருக்கு, அதுவும் உயிர் குடிக்காதது. அவர்களது சாதாரண உயரமுள்ள உறவினர்களில் 17 வீதமானோருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. இதனால் அவர்கள் நூறாண்டு வாழ்ந்தார்கள் என்று சொல்லமாட்டேன். விபத்தும் குடியும் வேறு காரணங்களும் அவர்களைக் கொண்டுபோயின. ஆனால் எலிகளிலும், ஓமோன் எடுபடாத குட்டை எலிகளே நெடுநாள் வாழ்கின்றன. வயதாக ஆகச் சுரப்பைத் தணித்துக்கொள்வது உடம்பு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் காவலாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து வருகிறது. அந்தக் காவலை எழுப்பி வெளியே அனுப்பத்தான் ஊசி போடுகிறோமா?

எங்கள் ஆட்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்றும் உண்டு. தென்னாசியர்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலும் குறைந்த உடற்பருமனிலும் வருகிறது என்பது லண்டனிலும் கொழும்பிலும் சென்னையிலும் எந்த வைத்தியரும் சொல்லும் சங்கதி. வளர்ச்சி ஓமோன் இன்சுலினுக்கு எதிராக இழுக்கும் ஓமோன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சீனி நோயாளி இருக்கும் சமூகத்தில், இந்தக் குப்பியைத் தமிழிலே புகழ்ந்து காணொளி போடும் நண்பர்கள் ‘சீனி’ என்ற சொல்லை ஒரு தடவையாவது உச்சரிக்கிறார்களா? நான் பார்த்தவற்றில் இல்லை. அவர்கள் மீது கல்லெறிய எனக்குள்ள உரிமை குறைவுதான். 1990இல் நானும் இதே வேலையைத்தான் ஈய எழுத்தில் செய்தேன்.

நண்பருக்கு மீண்டும் அழைப்பெடுத்து இவற்றையெல்லாம் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டார். தனக்கு நித்திரை நன்றாக வருவதாகவும், மேல் கொஞ்சம் திரண்டிருப்பதாகவும் சொன்னார். மோதிரம் இறுகுகிறதா என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. கழற்றி வைத்துவிட்டாராம், இரண்டு கிழமையாயிற்றாம். கடைசியாகச் சீனி பார்த்தது ஊசி தொடங்குவதற்கு முன்னர். குடும்ப வைத்தியரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லவேயில்லை. ஏசுவார் என்று பயம்.

வருகிற செவ்வாய்க்கிழமை வைத்தியரிடம் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். குப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன்.

“காட்டுறன். ஆனா இன்னும் நாலு குப்பி பிரிட்ஜுக்குள்ளை கிடக்கு, ஐசே. காசு குடுத்து வாங்கினது” என்றார்.